விடுபட்ட ஓர் எண்

காரைக்காலை அடுத்த குரும்பகரத்தில், பணி ஓய்வுக்குப் பின் நான் வசிக்கும் வீட்டின் திண்ணையில், மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் படிக்க வருவது வழக்கம். பொருளியல் கற்பித்தவனிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் கணக்குதான். சில வாரங்களுக்கு முன்பு, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி திருத்தப்பட்ட விடைத்தாளை நீட்டினாள். 360-இன் காரணிகள் அனைத்தையும் எழுதுக என்பது வினா. மொத்தம் 24 காரணிகள். அவள் 23 எழுதியிருந்தாள், 45 விடுபட்டிருந்தது. வினாவுக்கு நேராகச் சிவப்பு மையில் சுழியம்.

"ஒண்ணுதானே தாத்தா விட்டேன்? இருபத்து மூணு சரிதானே?" என்று கேட்டாள். என்னிடம் உடனடியாக விடை இல்லை. மறுநாள் ஒரு தாளில் 12 இலக்க எண் ஒன்றை எழுதி அவளிடம் கொடுத்தேன். அந்த எண் 293318625600. சொல்லால் எழுதினால், 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ஏதோ ஒரு மாநில வரவு-செலவுத் திட்டத்தில் ஒரு துறைக்கு ஒதுக்கிய தொகைபோலத் தோன்றும். ஆனால், கணித வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. கணிதமேதை சீனிவாச ராமானுஜன், தாமே தயாரித்த ஒரு பட்டியலில் எழுத விட்டுவிட்ட எண் அது.

அந்த எண்ணின் சிறப்பை விளங்கிக்கொள்ளக் கணிதப் பட்டம் தேவையில்லை. நெற்களம் தெரிந்தால் போதும். டெல்டா பகுதியில் முன்பெல்லாம் நெல்லைக் கலத்தால் அளந்தார்கள். ஒரு கலத்துக்கு 12 மரக்கால்; ஒரு மரக்காலுக்கு 8 நாழி; ஆக ஒரு கலத்துக்கு 96 நாழி. பத்து மரக்கால் என்று வைத்திருந்தால் எண்ணுவதற்கு எளிதாக இருந்திருக்குமே, ஏன் பன்னிரண்டு? களத்தில் நெல் பங்கிடப்பட வேண்டும். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும் மட்டுமே மீதியின்றிப் பிரிக்க முடியும். பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பங்குகளாகப் பிரிக்கலாம். மூன்று பேர் பங்குக்கு நின்றால் பத்து மரக்காலில் ஒரு மரக்கால் மிஞ்சும். அந்த ஒரு மரக்கால் ஒரு சண்டைக்குப் போதும்.

நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரித்தது இதே வசதியை நமக்குத் தந்தது. ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 60. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி என்று இருந்த காலத்தில் ஒரு ரூபாய் 192 தம்படி. மூன்று பேருக்கு ஆளுக்கு 64 தம்படி கொடுத்துவிடலாம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்றானது. கூட்டல், கழித்தல் எளிதாயிற்று; ஆனால் ஒரு ரூபாயை மூவருக்குச் சரியாகப் பிரிக்க இன்றுவரை வழியில்லை.

1954 நவம்பர் 1 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாடுதான் மீட்டரையும் கிலோகிராமையும் உலகுக்கு அளித்தது. புரட்சிக் காலத்தில், 1793-இல், அவர்கள் நாளையும் பத்து மணி நேரமாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1795-இலேயே அதைக் கைவிட நேர்ந்தது. எடையும் நீளமும் பத்துக்குப் பணிந்தன. கடிகாரம் மட்டும் பன்னிரண்டையும் அறுபதையும் விடவில்லை.

எனவே, எண்களிடம் கேட்கத்தக்க ஒரு கேள்வி உண்டு: நீ எத்தனை வகைகளில் மீதியின்றிப் பிரிவாய்? இந்தக் கேள்விக்குத் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விடக் கூடுதலான விடையைத் தரும் எண்ணை 'உயர் பகு எண்' என்று ராமானுஜன் தனியே பிரித்தெடுத்தார். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை தொடங்குகிறது. 12-க்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. ஆகவே 12 உயர் பகு எண். 18-க்கும் ஆறு காரணிகளே. ஆனால் அதைவிடச் சிறியதான 12 ஏற்கெனவே அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டதால் 18-க்கு அந்தத் தகுதி இல்லை.

காரணிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமலே அவற்றின் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று பார்த்து, அதனுடன் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்க வேண்டும். 360 என்பது மூன்று 2, இரண்டு 3, ஒரு 5 ஆகியவற்றின் பெருக்கம். எனவே 4 × 3 × 2 = 24 காரணிகள்.

நம் 12 இலக்க எண்ணில் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறை. எனவே காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5,040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5,040 காரணிகள் கிடையாது. இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600. அதற்கு 4,800 காரணிகள்.

பொருளியல் படித்தவனை இந்த இடத்தில் ஓர் உண்மை நிறுத்திவைக்கிறது. எண்ணைப் பெரிதாக்குவது செலவு. காரணிகளைப் பெருக்குவது வரவு. முதல் 2-ஐப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை இரு மடங்காகும். இரண்டாவது 2 அதை ஒன்றரை மடங்காக்கும். மூன்றாவது 2 மூன்றில் ஒரு பங்கு கூட்டும். நான்காவது 2 கால் பங்கு. ஒவ்வொரு முறையும் விலை ஒன்றுதான், எண் இரட்டிப்பாகிறது. ஆதாயமோ தேய்ந்துகொண்டே போகிறது. வயலுக்கு முதல் மூட்டை யூரியா தரும் விளைச்சலை நான்காவது மூட்டை தராது. குறைந்து செல் விளைவு விதி என்று நான் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியது இதைத்தான்.

ஒரு கட்டத்தில், இன்னொரு 2-ஐ வாங்குவதைவிட விலை உயர்ந்த புதிய பகா எண் ஒன்றை வாங்குவது இலாபமாகிவிடும். நம் எண்ணுக்கு அடுத்த உயர் பகு எண் இதைக் காட்டுகிறது. அது 321253732800. அதில் ஒரு 3-உம் ஒரு 7-உம் கழிக்கப்பட்டு, 23 என்ற புதிய பகா எண் சேர்க்கப்பட்டிருக்கிறது. 21-ஐ விற்று 23-ஐ வாங்கிய கதை. எண்ணின் அளவு ஏறத்தாழ ஒன்பதரை விழுக்காடு கூடியது. காரணிகள் 5,040-இலிருந்து 5,376 ஆக உயர்ந்தன.

ராமானுஜன் இத்துடன் நிற்கவில்லை. ஒரு விலையை முதலில் நிர்ணயித்துக்கொண்டு, ஒவ்வொரு பகா எண்ணையும் அதன் ஆதாயம் அந்த விலைக்கு ஈடாகும் வரை மட்டும் சேர்த்தால் கிடைக்கும் எண்களை, 'சிறப்பு உயர் பகு எண்கள்' என்று வேறுபடுத்தினார். விளிம்பு ஆதாயமும் விளிம்புச் செலவும் சமமாகும் இடத்தில் நில் என்பதே நுகர்வோர் கோட்பாட்டின் சாரம். பொருளியல் வகுப்பில் ஒருநாளும் அமராத ஒருவர் எண்களுக்குள் அதே ஒழுங்கைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அவர் யார் என்பதை இந்த மண்ணில் சொல்லத் தேவையில்லை. 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, காவிரிக்கரையில் கும்பகோணத்தில் வளர்ந்தவர். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் அவர் வாழ்ந்த சாரங்கபாணி சந்நிதித் தெருவை அடைந்துவிடலாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தில் மட்டுமே மனம் தோய்ந்து, பிற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர். மறு ஆண்டே, லண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் 'உயர் பகு எண்கள்' பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்த ஆய்வை முன்னிட்டு அவருக்கு இளநிலைப் பட்டம் வழங்கியது. இந்தியக் கல்லூரிகள் இரண்டில் தேர்ச்சி பெற முடியாதவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

அந்தக் கட்டுரையில்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது. கணிப்பான் இல்லை, கணினி இல்லை. 102 உயர் பகு எண்களை அவர் அட்டவணைப்படுத்தியிருக்கிறார். இறுதி எண் 6746328388800. அதாவது, 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள். அந்த எல்லைக்குள் உண்மையில் இருப்பவை 103 எண்கள். விடுபட்டது ஒன்றே ஒன்று: 293318625600.

வியப்பு என்னவென்றால், பட்டியலின் இறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது அந்த விடுபட்ட எண்தான். 23 என்ற பகா எண் ஒன்று கூடுதலாகச் சேர்ந்ததால், 5,040 காரணிகள் இரட்டித்து 10,080 ஆகின்றன. ராமானுஜனின் பட்டியலை முடித்துவைக்கும் எண்ணுக்குள்ளேயே அவர் எழுத விட்ட எண் ஒளிந்திருக்கிறது. ஐயமுள்ள வாசகர்கள் கைப்பேசியில் 293318625600-ஐ 23-ஆல் பெருக்கிப் பார்க்கலாம்.

இந்த எண்ணின் காரணிகளின் எண்ணிக்கையான 5,040-க்கும் ஒரு நெடிய வரலாறு உண்டு. ஒன்று முதல் ஏழு வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 5,040. ஏழு முதல் பத்து வரையுள்ளவற்றைப் பெருக்கினாலும் 5,040. அதுவும் ஓர் உயர் பகு எண்ணே. கிரேக்க அறிஞர் பிளேட்டோ, 'சட்டங்கள்' என்ற நூலில், ஒரு நல்ல நகரத்தில் 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார். நிலத்தைப் பங்கிடவும், வரி விதிக்கவும், படை திரட்டவும் பல வகைகளில் மீதியின்றிப் பிரியும் எண் என்பதே அவர் சொன்ன காரணம். 5,040-க்கு 60 காரணிகள், 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. விடுபட்ட எண்ணிலிருந்து இறங்கும் இந்தப் படிக்கட்டில் 4 வரை ஒவ்வொரு படியும் ஓர் உயர் பகு எண்.

இது வெறும் எண் விளையாட்டு அல்லவா என்று கேட்கலாம். ராமானுஜனை அழைத்துச் சென்ற ஹார்டிகூட, சமனின்மைகளைக் கையாள்வதில் இக்கட்டுரை காட்டும் ஆற்றலைப் பெரிதும் வியந்தபோதிலும், இத்துறை கணிதத்தின் மைய ஓட்டத்திலிருந்து சற்று ஒதுங்கியது என்றே கருதினார். காலம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது.

1859-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் ரீமான் முன்வைத்த கருதுகோள், பகா எண்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதைப் பற்றியது. இன்றுவரை நிறுவப்படவில்லை, நிறுவுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. 1984-இல் கி ரோபன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர், இந்தக் கருதுகோளை எளிய சொற்களில் சொல்லக்கூடிய ஒரு வடிவத்துக்கு மாற்றிக் காட்டினார். ஓர் எண்ணின் காரணிகள் அனைத்தையும் கூட்டினால் வரும் தொகைக்கு ஓர் உச்சவரம்பை அவர் எடுத்துக்கொண்டார். 5,040-இன் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. வரம்போ சுமார் 19,237. ஆக, 5,040 வரம்பை மீறுகிறது. அதற்குப் பின் எந்த எண்ணும் வரம்பை மீறவில்லை என்று நிறுவிவிட்டால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒரே ஓர் எண் மீறினாலும் அது பொய். பிளேட்டோவின் நகரத்துக் குடும்பங்களின் எண்ணிக்கையே, நவீன கணிதத்தின் மிகப் பெரிய கேள்வியின் எல்லைக்கல்லாக நிற்கிறது.

இதில் நம்மைத் தொடும் செய்தி வேறொன்று. காரணிகளின் கூட்டுத்தொகை பற்றிய இந்தத் திசையில் ராமானுஜன் 1915-க்கு முன்பே நடந்திருந்தார். ரீமான் கருதுகோள் உண்மையானால் போதிய அளவு பெரிய எண்களுக்கு அந்த வரம்பு பொருந்தும் என்பதற்கான முடிவுகள் அவருடைய கட்டுரையின் பிற்பகுதியில் இருந்தன. அந்தப் பகுதி அச்சாகவில்லை. அப்போது லண்டன் கணிதவியல் கழகம் பண நெருக்கடியில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அது முறையாகப் பதிப்பிக்கப்பட்டு இதழில் வெளிவந்த ஆண்டு 1997. பதிப்பித்தவர்கள் ழான்-லூயி நிக்கோலாவும் அதே கி ரோபனும். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26-இல் மறைந்துவிட்டார். சில பக்கங்களின் அச்சுக்கூலியை மிச்சப்படுத்தியதற்கு உலகம் கொடுத்த விலை 82 ஆண்டுகள்.

பொருளியலாளன் என்ற முறையில் இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பல ஆண்டுகளாக 0.7 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. பயன் என்ன என்ற கேள்வியை முதல் நாளே கேட்கும் பழக்கம், அடிப்படை ஆய்வுகளை முளையிலேயே கிள்ளிவிடும். நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது உடனடிப் பயன் தெரியாத பக்கங்கள்தான். அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்பது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவருகிறது.

மீண்டும் அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். அவளுக்கு விடை சொல்லத் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய கல்லூரியில், முதுநிலை மாணவர் ஒருவர் குறுவைச் சாகுபடிச் செலவு குறித்து ஆய்வேடு எழுதினார். பன்னிரண்டு சிற்றூர்களில் வரப்பு வரப்பாக நடந்து தகவல் திரட்டியவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அட்டவணை ஒன்றில் ஓர் ஊரின் வரிசை விடுபட்டிருந்தது. பன்னிரண்டு ஊர் என்று தலைப்பில் இருக்கிறது, பதினோரு வரிசைதான் இருக்கிறது என்று சொல்லி ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி தட்டச்சு செய்யப் பணம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சமர்ப்பிக்க வேண்டிய நாள் கடந்தது, அவர் வரவில்லை.

பின்னொரு நாள் காரைக்கால் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நெல் வியாபாரத்தில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார். "இப்பல்லாம் ஒரு வரி விடுறதில்லைங்க ஐயா" என்று சிரித்தார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது இன்னும் உறுத்துகிறது. பதினோரு ஊர்களின் உழைப்பை நான் படிக்கவே இல்லை. விடுபட்ட ஓர் ஊரை மட்டும்தான் படித்தேன்.

பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வாதிடுவது என் நோக்கமன்று. விடுபட்டது விடுபட்டதுதான், அட்டவணையில் ஓர் ஊர் குறைந்தால் சராசரி தவறாகும். 293318625600 விடுபட்டதைப் பின்வந்தவர்கள் குறித்துவைத்தார்கள். எவரும் அதை மறைக்கவில்லை. அதற்காக எவரும் எஞ்சிய 102 எண்களைக் கிழித்துப் போடவும் இல்லை. பட்டியலைத் திருத்திக்கொண்டு, அதன்மேல் அடுத்த கட்டடத்தை எழுப்பினார்கள். 1944-இல் அலோக்லுவும் எர்டோசும், 1984-இல் ரோபனும் அதைத்தான் செய்தார்கள். அறிவு வளர்வது இப்படித்தான். நம் வகுப்பறைகளோ ஒரு காரணி விடுபட்டால் இருபத்து மூன்றையும் தள்ளுபடி செய்யப் பழகிவிட்டன. படிப்படியாக மதிப்பெண் வழங்கும் முறை ஏட்டில் இருக்கிறது. சிவப்பு மை அதை எப்போதும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அந்தத் தாளை மாணவியிடம் கொடுத்தபோது, காரணிகளை எழுதத் தொடங்குமுன் அவற்றின் எண்ணிக்கையை அறியும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். எத்தனை வர வேண்டும் என்று தெரிந்துவிட்டால், விடுபட்டது தானே காட்டிக்கொடுக்கும். கடையை மூடும் முன் கல்லாவையும் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது போன்றது அது. அவள் விரல் விட்டுப் பெருக்கி, 5,040 என்று எழுதி அடிக்கோடிட்டாள். இத்தனை பெரிய ஆள் இதை விட்டுவிட்டாரா என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிறகு தன் பழைய விடைத்தாளை எடுத்து, 360-க்குக் கீழே 4 × 3 × 2 = 24 என்று எழுதினாள்; தன் விடையை எண்ணினாள்; 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்த சிறிய இடைவெளியில் 45-ஐ நெருக்கி எழுதினாள். சிவப்புச் சுழியம் அப்படியே இருந்தது. அதை அவள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.